கிங்ஸ் இண்டியன் போன வழி

1848-ஆம் ஆண்டு இலையுதிர் காலம். கல்கத்தாவில் கூடி செஸ் ஆடிக்கொண்டிருந்த ஆங்கிலேயர் வட்டத்தைச் சேர்ந்த ஒருவர் வங்காளத்தின் உள்நாட்டுப் பகுதிக்குப் போனார். தன் பக்கத்து ஊர்களில் யாரிடமும் தோற்றதில்லை என்று பேர் வாங்கிய ஒரு பிராமணரைச் சந்தித்தார். அவர் பெயர் மகேஷ்சந்திர பானர்ஜி. அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்து வந்து, அங்கே பாரிஸ்டராக இருந்த ஜான் காக்ரேனுக்கு எதிரே உட்கார வைத்தார்கள். ஸ்காட்லாந்துக்காரரான காக்ரேன் அந்தக் காலத்து ஐரோப்பிய ஆட்டக்காரர்களில் முன்வரிசையில் இருந்தவர். பலகையில் பலி கொடுத்துப் பாய்ந்து வரும் ரகம். அடுத்த சில ஆண்டுகளில் இருவரும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார்கள்.

அந்த ஆட்டங்களில் பானர்ஜி கறுப்புக் காய்களை அடுக்கிய விதம் காக்ரேனுக்கு விநோதமாகத்தான் பட்டிருக்கும். வெள்ளை இ4, டி4 என்று நடுக்கட்டங்களை வாரி எடுத்துக்கொள்ளும்போது இவர் டி6, ஜி6 என்று ஒவ்வொரு கட்டமாக நகர்த்துவார். பிஷப்பை ஜி7-இல் பதுக்கி வைப்பார். எதிராளி கட்டுவதையெல்லாம் கட்டி முடிக்கட்டும் என்பது போல விட்டுவிடுவார்.

இதற்குக் காரணம் அவர் வளர்ந்த ஆட்டத்திலேயே இருந்தது. நம் நாட்டில் ஆடப்பட்ட பழைய சதுரங்க முறைகளில் சிப்பாய் பொதுவாக முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். கேஸ்லிங் கிடையாது. அதற்குப் பதில் ராஜா, செக் வாங்காத வரை, ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரை போலத் தாவலாம். சிப்பாய் இரண்டு கட்டம் பாயாத ஆட்டத்தில் நடுக்கட்டங்களைப் பிடிக்க ஓட்டப்பந்தயம் நடக்காது. இருவரும் தங்கள் பக்கத்தில் நிதானமாக அடுக்குவார்கள், சண்டை பிறகுதான் தொடங்கும். அந்தப் பழக்கத்தை பானர்ஜி ஐரோப்பிய விதிகளுக்குள் கொண்டுபோனார். அவர் கையில் இருந்தது மனப்பாடம் செய்த வரிசை அல்ல. எந்த மாதிரி நடு ஆட்டம் தனக்குத் தோதாக வரும் என்ற தெளிவு இருந்தது. ஓப்பனிங் என்பதே அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

1855 மே மாதம் இருவரும் ஆடிய ஓர் ஆட்டம் பதிவாகியிருக்கிறது. ஜி6-க்குப் பிறகு பானர்ஜி சிப்பாயை டி5-க்குத் தள்ளுகிறார். இன்று இதை குருன்ஃபெல்ட் டிஃபென்ஸ் என்கிறோம். வியன்னாவின் எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் அதை 1922-இல் ஆடிப் பிரபலமாக்கியதால் அந்தப் பெயர். அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே கல்கத்தாவில் அது பலகை ஏறிவிட்டது. ஆட்டத்தில் பானர்ஜி தோற்றார். காக்ரேனின் குதிரை எஃப்7-இல் விழுந்து, கடைசியில் ராஜாவைச் சுற்றி அதன் சொந்தக் காய்களே அடைத்துக்கொண்டு நிற்க, குதிரையால் மேட் வாங்கினார். ஆனால் அந்த ஆட்டத்தை வரிசையாக ஆடிப் பார்த்தால், முதல் பன்னிரண்டு நகர்வுகளில் கறுப்புக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. சி5 அடித்து நடுவைக் கலைக்கிறார், ஜி4-க்கு பிஷப், சி8-க்கு யானை. இன்றைய ஆட்டக்காரர் செய்வதைத்தான் செய்கிறார். தோல்வி பின்னால் வந்த கணக்குப் பிழையால்.

ஆட்டங்கள் கப்பலேறி லண்டன் செஸ் பத்திரிகைகளுக்குப் போயின. 1884 வாக்கில் ‘இண்டியன் டிஃபென்ஸ்’ என்ற சொல் அச்சில் வந்துவிட்டது. அந்த இண்டியன் பானர்ஜிதான். ராஜா பக்கத்து பிஷப் ஜி7-க்குப் போவதால் பின்னாளில் கிங்ஸ் இண்டியன். பெயர் நிலைத்தது, மனிதரை மறந்துவிட்டார்கள். இது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஒரு ஓப்பனிங்கைக் குறித்து ஆயிரம் பக்கம் எழுதும் புத்தகங்கள்கூட அவருக்கு ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்கின்றன.

ஐரோப்பாவில் அதற்கு வரவேற்பு இல்லை. ஜெர்மனியின் லூயிஸ் பால்சன் போன்ற சிலர் எடுத்து ஆடினார்கள். ஆனால் அந்தக் காலத்துக்கு வாத்தியார் ஸீக்பர்ட் தாராஷ். நடுவைச் சிப்பாய்களால் பிடி, இடத்தை விடாதே, நெருக்கடியான நிலை தோல்வியின் வித்து என்பது அவர் பாடம். அந்தப் பாடப்படி பார்த்தால் கிங்ஸ் இண்டியன் செய்வதெல்லாம் தப்பு. முதல் உலகப் போருக்குப் பிறகு ரெட்டி, நிம்ஸோவிட்ச், தார்த்தகோவர், பிரேயர் போன்றவர்கள் அந்தப் பாடத்தைக் கேள்வி கேட்டார்கள். நடுவைப் பிடிக்காமல் தூரத்திலிருந்து காய்களால் குறிவைக்கலாம், எதிராளியின் சிப்பாய்க் கூட்டத்தையே அவனுக்குச் சுமையாக்கலாம் என்றார்கள். 1923-இல் கார்ல்ஸ்பாத் போட்டியில் இங்கிலாந்தின் ஃபிரெட் யேட்ஸ், பிற்பாடு உலகச் சாம்பியனான அலெக்ஸாண்டர் அலெகைனை இதே கிங்ஸ் இண்டியனை ஆடி வென்றார். அப்போதும் அது ஒரு துணிச்சல்காரரின் ஆட்டமாகத்தான் பார்க்கப்பட்டது.

அதற்கு உண்மையான வாழ்வு உக்ரைனில் கிடைத்தது. கீவ் நகரத்தின் பயோனியர் அரண்மனையில் சிறுவர்களுக்குப் பயிற்சி தந்தவர் அலெக்ஸாண்டர் கான்ஸ்டன்டினோபோல்ஸ்கி. அவரிடம் படித்தவர் டேவிட் புரோன்ஸ்டைன். அதே உக்ரைனைச் சேர்ந்தவர் ஐசக் போலெஸ்லாவ்ஸ்கி. இந்த மூவரும்தான் சந்தேகப் பட்டியலில் இருந்த ஓர் ஓப்பனிங்கை உலகத் தரத்துக்கு ஏற்றினார்கள். புரோன்ஸ்டைனும் போலெஸ்லாவ்ஸ்கியும் பிறகு 1950 புடாபெஸ்ட் கேண்டிடேட்ஸ் போட்டியில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். பிற்காலத்தில் போலெஸ்லாவ்ஸ்கியின் மகளையே புரோன்ஸ்டைன் மணந்தார்.

1946-இல் பிராகாவும் மாஸ்கோவும் மோதிய நகர அணிப் போட்டி. புரோன்ஸ்டைனுக்கு வயது 22. செக் ஆட்டக்காரர் ஃபிரான்டிஷெக் ஸீட்டாவுக்கு எதிரே கறுப்பு. கிங்ஸ் இண்டியன். பத்தாவது நகர்வில் புரோன்ஸ்டைன் செய்ததைப் பாருங்கள்: இ5-இல் இருந்த தன் சிப்பாயால் டி4-ஐ வெட்டுகிறார். வெள்ளையின் குதிரை திரும்ப வெட்டி டி4-இல் வந்து நிற்கிறது. நடுவில் கறுப்புக்கு இனி எஞ்சியிருப்பது டி6-இல் தனியாக நிற்கும் ஒரு பலவீனமான சிப்பாய். தாராஷ் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்.

ஆனால் அந்த ஒரு வெட்டில் ஜி7 பிஷப்புக்கு நீண்ட மூலைவிட்டம் முழுதாகத் திறந்துவிட்டது. சி5 கட்டம் குதிரைக்குக் கிடைத்தது. யானை இ8-இல் இருந்து இ4 சிப்பாயை அழுத்துகிறது. ராணி பி6-இல். ஏ சிப்பாய் ஏ5, ஏ4 என்று ஓடி யானைக்கு வழி திறக்கிறது. வெள்ளை தன் கறுப்புக்கட்ட பிஷப்பை ஏ1 மூலையில் வைத்து டி4 குதிரைக்குக் காவல் போட்டிருந்தார். பதினேழாவது நகர்வில் புரோன்ஸ்டைன் அந்த பிஷப்பையே யானையால் வெட்டினார். யானையைக் கொடுத்து பிஷப் வாங்குவது கணக்கில் நஷ்டம். பலகையில் நடந்தது வேறு. டி4-இன் காவல் போனது. அடுத்த நகர்விலேயே குதிரை எஃப்2-இல் பாய்கிறது. ராஜாவால் அதை வெட்ட முடியாது, வெட்டினால் பி3-இல் இன்னொரு குதிரை இறங்கும். முப்பதாவது நகர்வில் ஸீட்டா கையை நீட்டினார்.

இதே போட்டியில் லுடேக் பாக்மனுக்கு எதிரேயும் அதே கதை. அங்கேயும் வெள்ளையின் பிஷப் ஏ1-இல், அங்கேயும் யானையைக் கொடுத்து அதை வெட்டினார், அங்கேயும் வெற்றி. ஒரு தடவை நடந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். இரண்டு பேர் ஒரே மாதிரி விழுந்தால், விழவைத்தது அந்த அமைப்பு. டி6 சிப்பாய் பலவீனம் என்பது உண்மை. அதை அடிக்க வெள்ளை காய்களைத் திரட்டுவதற்குள் கறுப்பின் எல்லாக் காய்களும் உயிர்பெற்றுவிடும் என்பதும் உண்மை. இந்த விலைக்கு இந்தச் சரக்கு என்று தெரிந்து வாங்கியவருக்குத்தான் யானையைக் கொடுக்கக் கை வரும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிங்ஸ் இண்டியன் என்று ஒரே பெயர் இருந்தாலும் அதற்குள் வேறு வேறு நடு ஆட்டங்கள் இருக்கின்றன. எது வரும் என்பதை நடுவில் இருக்கும் நான்கைந்து சிப்பாய்கள் தீர்மானிக்கின்றன. கறுப்பு டி4-இல் வெட்டினால் ஸீட்டா ஆட்டம் போன்ற திறந்த நிலை. வெட்டாமல் இருந்து, வெள்ளை டி5 என்று தள்ளிவிட்டால் நடு பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு வருவது முற்றிலும் வேறு சண்டை.

அந்தச் சண்டைக்குப் பெயர் வந்தது அர்ஜென்டினாவின் கடலோர ஊரான மார் டெல் பிளாட்டாவில், 1953-இல். வெள்ளைக் காய்கள் மிகேல் நைதோர்ஃப் கையில். போலந்துக்காரரான அவர் 1939-இல் ஒலிம்பியாட் ஆட புவெனஸ் ஐரிஸ் வந்தபோது போர் மூண்டது. அங்கேயே தங்கிவிட்டார். ஊரில் விட்டு வந்த குடும்பம் நாஜிகளுக்குப் பலியானது. கறுப்பு, யூகோஸ்லாவியாவின் ஸ்வெடோஸார் கிளிகோரிச். போரில் நாஜிகளுக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்திய பார்ட்டிசான்.

முதல் எட்டு நகர்வுகள் முடிந்ததும் பலகையில் இருந்தது இது: வெள்ளைச் சிப்பாய்கள் சி4, டி5, இ4. கறுப்புச் சிப்பாய்கள் சி7, டி6, இ5. டி, இ சிப்பாய்கள் முகத்துக்கு முகம் முட்டிக்கொண்டு அசைய முடியாமல் நிற்கின்றன. நடு பூட்டிவிட்டால் சண்டை ஓரங்களுக்குப் போகும். யார் எந்த ஓரத்துக்கு? சிப்பாய்ச் சங்கிலியின் முனையைப் பாருங்கள். வெள்ளையின் இ4, டி5 சங்கிலி ராணி பக்கத்தை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, இடமும் அங்கேதான் அதிகம். கறுப்பின் டி6, இ5 சங்கிலி ராஜா பக்கத்தைக் காட்டுகிறது. ஆகவே வெள்ளைக்கு வேலை சி5 தள்ளி டி6-ஐ உடைப்பது. கறுப்புக்கு வேலை எஃப்5 தள்ளி இ4-ஐ உடைப்பது, பிறகு எஃப்4, ஜி5, ஜி4 என்று வெள்ளை ராஜாவின் மேலேயே போவது. நிம்ஸோவிட்ச் 1925-இல் தன் புத்தகத்தில் சங்கிலியை அடிவாரத்தில் அடி என்று விளக்கியதும் இதைத்தான்.

இரண்டு பேருக்கும் வேலை ஒரே அளவுதான். பந்தயப் பொருள் ஒரே அளவு இல்லை. வெள்ளை ராணி பக்கத்தில் ஜெயித்தால் ஒரு சிப்பாயோ ஒரு யானை வரிசையோ கிடைக்கும். கறுப்பு தன் பக்கத்தில் ஜெயித்தால் ராஜாவே கிடைக்கும். இந்த ஓப்பனிங் இத்தனை தலைமுறைகளை ஈர்த்து வைத்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

கிளிகோரிச்சின் ஒவ்வொரு காயும் எங்கே போகிறது என்று கவனியுங்கள். பதினைந்தாவது நகர்வில் யானை எஃப்8-இல் இருந்து எஃப்7-க்கு ஒரு கட்டம் முன்னால் போகிறது. பதினாறாவதில் ஜி7 பிஷப் எஃப்8-க்குப் பின்வாங்குகிறது. பார்க்கிறவருக்கு இது தாமதம் போலத் தெரியும். உண்மையில் ஒரே ஏற்பாட்டில் மூன்று வேலை நடக்கிறது. இ5-இல் சொந்தச் சிப்பாய் நிற்பதால் ஜி7-இல் பிஷப்புக்குப் பார்வையே இல்லை. எஃப்8-க்கு வந்து வெள்ளை குறிவைக்கும் டி6-ஐக் காக்கிறது. எஃப்7 யானை ஏழாவது வரிசையில் நின்று பின்னாடி வரப்போகும் தாக்குதலைத் தடுக்கிறது. ஜி7 காலியாகிவிட்டதால் அதே யானை நேரம் வரும்போது ஜி வரிசைக்கு மாறலாம். பல வருஷம் கழித்து எத்தனையோ கிராண்ட்மாஸ்டர்கள் அப்படியே எடுத்து ஆடிய ஏற்பாடு இது.

வெள்ளை சும்மா இல்லை. சி5 அடித்தாகிவிட்டது, டி6-இல் வெட்டிக்கொண்டாகிவிட்டது, சி வரிசையில் இரண்டு யானைகளும் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன. பத்தொன்பதாவது நகர்வில் கிளிகோரிச் ஜி3 என்று சிப்பாயைத் தள்ளிக் கொடுத்துவிடுகிறார். இலவசமாக. வெள்ளை வெட்ட, கறுப்பு எஃப்4 சிப்பாயால் திரும்ப வெட்ட, வெள்ளை பிஷப் அதையும் எடுத்துக்கொள்கிறது. ஒரு சிப்பாய் போயிற்று. கிடைத்தது என்ன? எஃப்4 கட்டம் காலியானது. இத்தனை நேரம் தன் சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்த அந்தக் கறுப்புக்கட்ட பிஷப்புக்கு இன்னொரு மூலைவிட்டம் கிடைத்துவிட்டது. எஃப்8, இ7, ஜி5 என்று நடந்து இருபத்தைந்தாவது நகர்வில் இ3-இல் செக் கொடுத்து உட்கார்ந்தது. ராணி ஜி5-இல். வெள்ளை யானை முப்பத்தொன்றாவது நகர்வில் சி7-ஐத் தொட்டது, ஆனால் தன் ராஜாவைக் காக்க இரண்டே நகர்வில் சி2-க்கு ஓடி வரவேண்டி வந்தது. கறுப்பின் இன்னொரு பிஷப், ஆட்டம் முழுவதும் சி8-இலும் டி7-இலும் கிடந்தது, முப்பத்து மூன்றாவது நகர்வில் எச்3-இல் இறங்கியது. அடுத்த நகர்வில் குதிரை ஜி2-ஐ வெட்ட, நைதோர்ஃப் ஆட்டத்தை விட்டார்.

சி8 பிஷப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிங்ஸ் இண்டியன் படிக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் ஜி7 பிஷப்தான் கண்ணுக்குத் தெரியும். பூட்டிய நிலையில் விலை உயர்ந்த காய் சி8-இல் இருப்பது. அது இல்லாவிட்டால் எச்3 பக்கம் தாக்குதலுக்கு முனை இருக்காது. இதைத் தெரிந்துகொண்ட வெள்ளை ஆட்டக்காரர்கள் தங்கள் குதிரையை பி5, சி7, இ6 என்று நடத்திக்கொண்டுபோய் அந்த பிஷப்புக்காகவே மாற்றிக்கொள்வார்கள். நான்கு நகர்வு செலவழித்து வந்த குதிரையை, ஒரே ஒரு தடவைகூட நகராத பிஷப்புக்குக் கொடுப்பது அசட்டுத்தனமாகத் தெரியலாம். நடு ஆட்டத்தின் திட்டம் தெரிந்தவர் சந்தோஷமாகக் கொடுப்பார்.

அதே 1953-இல், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, ஸ்விட்சர்லாந்தின் நியூஹவுசனிலும் ஸூரிச்சிலும் கேண்டிடேட்ஸ் போட்டி நடந்தது. 15 பேர், 210 ஆட்டங்கள், ஸ்மிஸ்லோவ் முதலிடம். நைதோர்ஃபும் கிளிகோரிச்சும் அங்கே இருந்தார்கள், புரோன்ஸ்டைனும் போலெஸ்லாவ்ஸ்கியும் இருந்தார்கள். சுற்றுக்குச் சுற்று கிங்ஸ் இண்டியன் பலகை ஏறியது. அந்த 210 ஆட்டங்களுக்கும் புரோன்ஸ்டைன் எழுதிய புத்தகம் செஸ் உலகத்தின் பெரிய நூல்களில் ஒன்று. போட்டிப் புத்தகம் என்ற பெயரில் அவர் எழுதியது நடு ஆட்டத்துக்கான பாடநூல். ஓப்பனிங் வரிசைகளை அடுக்காமல், இந்த நகர்வால் எந்தத் திட்டம் திறந்தது, எந்தத் திட்டம் மூடியது என்று சாதாரண ஆட்டக்காரருக்குப் புரியும்படி பேசுகிறார். டி6 சிப்பாயின் ரகசியத்தை அவர் விளக்கும் இடத்தைப் படித்துவிட்டு ஸீட்டா ஆட்டத்துக்குத் திரும்பிப் போனால் கண் திறக்கும்.

சோவியத் செஸ் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த வழிகளில் ஒன்று சென்னை. தமிழ்நாட்டின் மேனுவல் ஆரோன் 1961-இல் இந்தியாவின் முதல் இண்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். அந்தக் காலத்தில்கூட நம் ஊர்களில் பலர் பழைய இந்திய விதிகளின்படிதான் ஆடிக்கொண்டிருந்தார்கள். சர்வதேச விதிகளுக்கு மாறச் சொன்னதோடு, ஓப்பனிங் படியுங்கள், செஸ் நூல்களைப் படியுங்கள் என்று விடாமல் வற்புறுத்தியவர் ஆரோன். 1972-இல் சோவியத் கலாசார மையத்தில் அவர் தொடங்கிய மிகைல் தால் செஸ் கிளப்பில்தான் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் வந்து ஆடினான். வங்காளத்துக் கிராமம் ஒன்றிலிருந்து லண்டன் போய், வியன்னாவும் கீவும் மாஸ்கோவும் சுற்றிய ஒரு சிந்தனை, ரஷ்யப் புத்தகங்களின் வழியாக இந்தியாவுக்கே திரும்பி வந்தது. வரும்போது அதற்கு விளக்கமும் கூட வந்தது.

வெள்ளையும் கற்றுக்கொண்டது. ஸேமிஷ் முறையில் எஃப்3 போட்டு, பிஷப்பை இ3-இல் வைத்து, ராணி பக்கம் கேஸ்லிங் செய்துவிட்டு, எச் சிப்பாயைக் கறுப்பு ராஜாவின் மேல் அனுப்பினார்கள். டிக்ரான் பெட்ரோஸியன் வேறு மாதிரி. டி5 என்று சீக்கிரமே பூட்டிவிட்டு, பிஷப்பை ஜி5-இல் வைத்துக் குதிரையைக் கட்டிப்போடுவார். குதிரை நகராமல் எஃப்5 வராது, எஃப்5 வராமல் கறுப்புக்குத் திட்டம் இல்லை. எதிராளியின் திட்டத்தைத் தெரிந்துகொண்டு அதன் கழுத்தைப் பிடிப்பது அவர் பாணி.

எல்லா எதிராளிகளும் பெட்ரோஸியன் இல்லை. 1960 லைப்ஸிக் ஒலிம்பியாடில் சிலியின் ரெனே லெதெலியர் ஐந்தாவது நகர்விலேயே இ5 என்று சிப்பாயைத் தள்ளி 17 வயது பாபி ஃபிஷரின் குதிரையை இ8-க்கு விரட்டினார். எஃப்4-உம் போட்டார். இடமெல்லாம் வெள்ளைக்கு. ஃபிஷர் டி6, சி5 என்று இரண்டு பக்கமும் அரித்தார். மாளிகை சரிந்தது. இருபத்து மூன்றாவது நகர்வில் ராணியையே எஃப்4-இல் கொடுத்து முடித்தார். கட்டி முடிக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பானர்ஜியின் நினைப்பு அங்கே அப்படியே இருக்கிறது.

பாகூவிலிருந்து வந்த காரி காஸ்பரோவ் இதைத் தன் முக்கிய ஆயுதமாக வைத்திருந்தார். 1989-இல் டில்பர்க்கில் யெரோன் பிகெட்டை அவர் வென்ற ஆட்டம் மார் டெல் பிளாட்டா வழியின் உச்சம். பிறகு விளாடிமிர் கிராம்னிக் வந்தார். குதிரையை இ1-க்குப் பின்வாங்குவதற்குப் பதில், ஒன்பதாவது நகர்விலேயே பி4 என்று தள்ளுவது பழைய யோசனைதான். கிராம்னிக் அதற்குப் புது உயிர் கொடுத்தார். சி5 ஒன்றிரண்டு நகர்வு முன்னதாகவே வந்துவிடும். இரு பக்கமும் ஓடும் பந்தயத்தில் அந்த ஒன்றிரண்டு நகர்வுதான் எல்லாம். 1997 நாவ்கோரதில் அவரிடம் இந்த வழியில் தோற்ற பிறகு காஸ்பரோவ் கிங்ஸ் இண்டியனை ஏறக்குறைய கைவிட்டுவிட்டார். அதே பாகூவின் தைமூர் ரஜபோவ் பின்னர் அதைத் தூக்கி நிறுத்தினார். அமெரிக்காவின் ஹிகாரு நாகமுரா 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் பெலியாவ்ஸ்கியையும், 2010-இல் பூர்ஸாவில் கெல்ஃபாண்டையும் அதே எஃப்4, ஜி5, ஜி4 வழியில் வீழ்த்தினார்.

இன்றைய கம்ப்யூட்டர் இன்ஜின்களுக்கு இந்த ஓப்பனிங் பிடிக்காது. வெள்ளைக்கு நல்ல அனுகூலம் என்று எண் காட்டும். உச்சத்தில் இருப்பவர்கள் அதனால் இதை அன்றாடம் ஆடுவதில்லை. அவர்கள் கவலை அவர்களுக்கு. வாராந்திரப் போட்டிகளில் ஆடும் பள்ளி மாணவருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. அவருக்கு எதிரே உட்காருவது இன்ஜின் இல்லை.

மாணவரின் உண்மையான சிக்கல் வேறு. பதினாலு நகர்வு வரை போனில் பார்த்து ஒப்பித்துவிட்டு, பதினைந்தாவதில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை எந்தப் போட்டி அரங்கிலும் பார்க்கலாம். எதிராளி ஏழாவது நகர்விலேயே டி4-இல் இருந்து இ5-ஐ வெட்டி, ராணிகளையும் மாற்றிக்கொண்டுவிட்டால் இன்னும் மோசம். தாக்குதல் ஆட்டம் என்று நம்பி வந்த பிள்ளைக்கு ராணியே இல்லாத பலகை. சோர்ந்துவிடுகிறது. ஆனால் சிப்பாய்களைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளை சிரித்திருக்கும். வெள்ளையின் சி, இ சிப்பாய்கள் இரண்டும் முன்னால் போய்விட்டன. டி4 கட்டத்தைக் காக்க இனி ஒரு சிப்பாயும் இல்லை. கறுப்பு சி6 போட்டு டி5-ஐ மூடிக்கொண்டு, குதிரையை மெதுவாக டி4 நோக்கி நடத்தினால், மேலோங்கி ஆடப்போவது கறுப்புதான். இதற்கு மனப்பாடம் வேண்டாம். எந்தக் கட்டத்தை யாரால் காக்க முடியாது என்ற ஒரு கேள்வி போதும்.

பயிற்சியாளர்களிடமும் பெற்றோரிடமும் நான் கேட்பது இதுதான். பிள்ளைக்குப் புது ஓப்பனிங் சொல்லிக் கொடுக்கும்போது முதல் பத்து நகர்வை அடித்துவிட்டு பலகையிலிருந்து குதிரை, பிஷப், யானை, ராணி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் இருக்கட்டும். எந்தப் பக்கம் உனக்கு இடம் அதிகம், எந்தச் சிப்பாயை உடைப்பாய், எந்தக் காயை மாற்றிக்கொள்வாய், எதை மாற்றவே மாட்டாய் என்று கேளுங்கள். பிள்ளை வாயால் சொல்லட்டும். பிறகு காய்களைத் திரும்ப வைத்து நைதோர்ஃப், கிளிகோரிச் ஆட்டத்தின் முப்பத்து நான்கு நகர்வுகளையும் கையால் நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். போனில் வேண்டாம், மரப்பலகையில். அதற்கடுத்த வாரம் வரிசைகளை ஆரம்பிக்கலாம்.

ஆரம்பிக்கும்போது மகேஷ்சந்திர பானர்ஜி என்ற பெயரையும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.